போர் விளையாட்டும் சீட்டு விளையாட்டும்: கம்ப்யூட்டரில் ஆடும் முன் தெரிந்து கொள்ளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த வீட்டில் முதல் வாரம் எல்லோரும் டைப் செய்து பழகுவார்கள். இரண்டாவது வாரம் பிள்ளைகள் கேம்ஸ் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் எந்த கேம், அது எப்படி வேலை செய்கிறது, அதில் பணம் எங்கே நுழைகிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கேம்களில் யோசித்து ஆடும் இரண்டு வகைகளை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஒன்று, வரலாற்றுப் போர்களை மேஜையிலோ மானிட்டரிலோ மீண்டும் நடத்திப் பார்க்கும் போர் விளையாட்டு. இன்னொன்று, மந்திரவாதிகளும் டிராகன்களும் அச்சிட்ட அட்டைகளைச் சேர்த்து ஆடும் சேகரிப்புச் சீட்டு விளையாட்டு. இரண்டும் மூளைக்கு வேலை தருபவை. ஆனால் பர்ஸைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல.

உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. விருத்தாசலம் என்றதும் பீங்கான் பொம்மைகளும் செராமிக் தொழிற்கூடங்களும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் கர்நாடகப் போர்களின் பாதையில் இருந்தது. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிக்குப் படையும் தளவாடமும் போன வழி இது. 1751-ல் ராபர்ட் கிளைவும், பின்னாளில் சென்னை கவர்னரான ஜார்ஜ் பிகாட்டும் ஒரு படைப்பிரிவுடன் விருத்தாசலம் வரை வந்தார்கள். சிறு காவலுடன் திரும்பும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் தாக்க, குதிரையை விரட்டித் தப்பிப் போனார்கள். 30 ஆண்டுகள் கழித்து, கிழக்கே கடற்கரையில் உள்ள பரங்கிப்பேட்டையில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சண்டையை உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே ஆடிப் பார்க்கும் வழியையும் கீழே தந்திருக்கிறேன்.

சதுரங்கத்தில் தொடங்கியது

போர் விளையாட்டின் பாட்டனார் நம் நாட்டுச் சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புகள் கொண்ட படைதான் அந்தப் பெயருக்கே காரணம். அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய் செஸ் ஆனது. 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் செஸ் போர்டைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு, சதுப்பு நிலம் என்று நிறம் கொடுத்தார். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேஜை செய்து கொடுத்தார். அவர் மகன் 1824-ல் அதை நிஜமான வரைபடத்தில் ஆடும்படி திருத்தி வெளியிட்டார். இதற்கு க்ரீக்ஸ்பீல் என்று பெயர். பிரஷ்ய ராணுவம் இதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே வைத்தது.

செஸ்ஸுக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு. செஸ்ஸில் குதிரை யானையை வெட்டினால் வெட்டியதுதான், சந்தேகமே இல்லை. நிஜப் போரில் அப்படி இல்லை. மழை பெய்யும், உத்தரவு தாமதமாகப் போய்ச் சேரும், பலமான படை தோற்கும். இந்த நிச்சயமின்மையைக் கொண்டு வரத்தான் க்ரீக்ஸ்பீலில் பகடை வந்தது. பகடை உருட்டி, வரும் எண்ணை ஓர் அட்டவணையில் பார்த்து யார் பின்வாங்குவது என்று முடிவு செய்தார்கள்.

வீட்டில் ஆடும் பொழுதுபோக்காக இதைப் பரப்பியவர்களில் ஒருவர் அறிவியல் கதைகள் எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ். 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை ஒரு புத்தகமாக எழுதினார். 1954-ல் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் டாக்டிக்ஸ் என்ற பெயரில் போர்டு கேம் வெளியிட்டார். பிறகு அவர் நடத்திய அவலான் ஹில் நிறுவனம் 1958-ல் கெட்டிஸ்பர்க் சண்டையை விளையாட்டாக்கி விற்றது. அந்த விளையாட்டின் 1961-ஆம் ஆண்டுப் பதிப்பில் சதுரக் கட்டங்களுக்குப் பதில் அறுகோணக் கட்டங்கள் வந்தன.

ஏன் அறுகோணம்? ஒரு சதுரக் கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போவது 1 அளவு தூரம் என்றால், மூலைக் கட்டத்துக்குப் போவது சுமார் 1.41 அளவு. ஆனால் விளையாட்டில் இரண்டையும் ஒரு அடி என்றே எண்ண வேண்டியிருக்கிறது. ஆகவே மூலைவாக்கில் போகிறவனுக்கு இலவசமாகக் கூடுதல் தூரம் கிடைக்கிறது. தேன்கூடு போன்ற அறுகோணத்தில் ஆறு பக்கத்துக் கட்டங்களும் ஒரே தூரம். இன்றும் பல போர் கேம்களை மானிட்டரில் திறந்தால் தேன்கூட்டுக் கட்டம் தெரிவது இதனால்தான்.

பரங்கிப்பேட்டை, 1781

இப்போது நம் ஊர்ப்பக்கச் சண்டைக்கு வருவோம். 1781 ஜூன் மாதம் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதர் அலியின் வீரர்கள் காத்து நின்ற சிதம்பரம் கோவில் அரணைத் தாக்கித் தோற்றார். கடல் வழியாகத்தான் அவருக்கு உணவு வர வேண்டும் என்பதால் பரங்கிப்பேட்டைக்கு ஒதுங்கினார். ஹைதர் பெரும் படையுடன் விரைந்து வந்து, வடக்கே கடலூருக்குப் போகும் வழியை மறித்து பீரங்கி மேடைகள் அமைத்தார். கூட்டிடம் இருந்தவர்கள் சுமார் 8,000 பேர். ஹைதர் படையைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். குறைவான கணக்கே 40,000 என்கிறது.

ஜூலை 1-ம் தேதி காலை கூட் நேராகப் பீரங்கிகளை நோக்கிப் போகவில்லை. வலது பக்கம், அதாவது கடலை ஒட்டித் திரும்பினார். அங்கே மணல் மேடுகள் இருந்தன. அவை பீரங்கிப் பார்வையிலிருந்து படையை மறைத்தன. மேடுகளுக்கு இடையே இருந்த வழியாக முதல் வரிசை புகுந்து ஹைதரின் பக்கவாட்டுக்கு வந்தது. இரண்டாம் வரிசை மேடுகளிலேயே நின்று, பின்னால் வந்து வளைக்க முயன்றவர்களைத் தடுத்தது. கடலில் நின்ற ஆங்கிலேயக் கப்பல் ஒன்றும் கரையை நோக்கிச் சுட்டது. பல மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஹைதர் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

ஐந்து மடங்கு பெரிய படை ஏன் வெல்லவில்லை? பாடப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விடுவோம். கட்டம் போட்டு ஆடிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். போர் விளையாட்டின் பயன் அதுதான்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு போர்க்களம்

இதற்கு எந்த கேமும் வாங்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேர் தொகுப்பில் உள்ள கால்க் போதும். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம். கீழே உள்ள எண்கள் நான் விளையாட்டுக்காக வகுத்தவை. ஆடிப் பார்த்து நீங்கள் மாற்றிக் கொள்ளலாம்.

1. புதிய பைல் ஒன்றைத் திறந்து, ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்து, நெட்டு வரிசையின் அகலத்தையும் படுக்கை வரிசையின் உயரத்தையும் 1 சென்டிமீட்டராக அமைத்திடுங்கள். செல்கள் எல்லாம் சதுரமாகிவிடும். 20 நெட்டு வரிசை, 14 படுக்கை வரிசை நமக்குப் போதும்.

2. வலது ஓரத்தில் இரண்டு நெட்டு வரிசைக்கு நீல நிறம் கொடுங்கள். அது கடல். அதை ஒட்டி இரண்டு வரிசையைக் கரையாக வெறுமையாக விடுங்கள். அடுத்த இரண்டு வரிசைக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். அது மணல் மேடு. மேட்டின் நடுவில் ஒரே ஒரு செல் அகலத்துக்கு நிறம் இல்லாமல் ஒரு வழி விடுங்கள். மேல் ஓரம் கடலூர்த் திசை, கீழ் ஓரம் பரங்கிப்பேட்டை.

3. கூட் பக்கம் 8 படைகள். செல்களில் கூ1, கூ2 என்று டைப் செய்திடுங்கள். ஒவ்வொன்றின் பலம் 4. இவற்றைக் கீழ் ஓரத்தில் நிறுத்துங்கள். ஹைதர் பக்கம் 20 படைகள், ஹை1 முதல் ஹை20 வரை. ஒவ்வொன்றின் பலம் 2. இவற்றில் எட்டைக் குதிரைப்படை என்று வைத்துக் கொள்ளுங்கள். இவை மேடுகளுக்கு இடப்பக்கம் சமவெளியில், வழியை மறித்து நிற்கும்.

4. ஒரு முறைக்குக் காலாட்படை 2 செல், குதிரைப்படை 4 செல் நகரலாம். மணல் மேட்டில் நுழைய ஒரு செல்லுக்கு இரண்டு அடி செலவாகும். ஒரு செல்லில் ஒரு படைதான் நிற்கலாம்.

5. பக்கத்துச் செல்லில் எதிரி இருந்தால் தாக்கலாம். தாக்குகிறவர்களின் பலத்தைக் கூட்டி, எதிரியின் பலத்தால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிடுங்கள். பிறகு ஒரு பகடை.

விகிதம் 1 என்றால்: பகடையில் 1, 2 விழுந்தால் தாக்கியவர் ஒரு செல் பின்வாங்க வேண்டும். 3, 4 விழுந்தால் எதுவும் இல்லை. 5, 6 விழுந்தால் எதிரி பின்வாங்குவார்.

விகிதம் 2 என்றால்: 1 விழுந்தால் தாக்கியவர் பின்வாங்குவார். 2, 3 விழுந்தால் எதுவும் இல்லை. 4, 5, 6 விழுந்தால் எதிரி பின்வாங்குவார்.

விகிதம் 3 அல்லது அதற்கு மேல் என்றால்: 1, 2 விழுந்தால் எதுவும் இல்லை. 3 முதல் 6 வரை விழுந்தால் எதிரி பின்வாங்குவார்.

பின்வாங்க இடமில்லாத படை அழிந்தது. எதிரி மணல் மேட்டில் நின்றால் விகிதத்தில் ஒன்றைக் குறைத்திடுங்கள். விகிதம் 1-க்கும் கீழே போனால் தாக்கவே முடியாது. கடலில் நிற்கும் கப்பல், முறைக்கு ஒரு தடவை கரையிலிருந்து இரண்டு செல்லுக்குள் இருக்கும் எதிரியை 4 பலத்துடன் தாக்கலாம்.

6. 12 முறைக்குள் கூட்டின் 4 படைகள் மேல் ஓரத்தைக் கடந்துவிட்டால் கூட் வென்றார். இல்லையென்றால் ஹைதர் வென்றார்.

பகடை கையில் இல்லாவிட்டால் கால்க்கே உருட்டித் தரும். தள்ளி ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் பங்ஷன் என்பதில் கிளிக் செய்திடுங்கள். வரும் பட்டியலில் ரேண்ட்பிட்வீன் என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழ் எல்லை 1, மேல் எல்லை 6 என்று கொடுங்கள். எஃப்9 கீயை ஒரு முறை தட்டினால் புது எண் வரும். ஷீட்டில் வேறு எங்கே டைப் செய்தாலும் இந்த எண் மாறிவிடும் என்பதை மறக்காதீர்கள். ஆகவே எண்ணைப் பார்த்து முடிவு சொன்ன பிறகே படையை நகர்த்துங்கள். இல்லையென்றால் வீட்டில் சண்டை வரும்.

இன்னொரு குறிப்பு. படையை நகர்த்த கட் செய்து பேஸ்ட் செய்தால் செல்லின் நிறமும் சேர்ந்து நகரும். மணல் மேடு ஊர்ந்து போய்விடும். ஆகவே புதிய செல்லில் பெயரை டைப் செய்து, பழைய செல்லில் டெலீட் கீயைத் தட்டுங்கள். டெலீட் கீ எழுத்தை மட்டும் அழிக்கும், நிறத்தைத் தொடாது.

இரண்டு முறை ஆடினால் ஒன்று புரியும். சமவெளியில் தனியாக நிற்கும் கூட்டின் படையைச் சுற்றி எட்டுச் செல்கள் இருக்கின்றன. எட்டு ஹைதர் படைகள் சேர்ந்தால் பலம் 16, எதிரே 4, விகிதம் 4. பின்வாங்கவும் இடம் இருக்காது. அதே படை மேடுகளுக்கு இடையே உள்ள வழியில், இருபுறமும் தோழர்களுடன் நின்றால், முன்னால் இருப்பது மூன்றே செல். மூன்று ஹைதர் படைகள், பலம் 6, விகிதம் 1. மீதிப் பதினேழு படைகள் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பக்கத்தில் மேட்டின் மேல் நிற்கும் தோழனையோ மூன்று செல்லிலிருந்து தாக்கவே முடியாது. ஆள் எண்ணிக்கை வேறு, சண்டை போடும் இடத்தில் இருக்கும் எண்ணிக்கை வேறு. நிஜப் போரில் துப்பாக்கிப் பயிற்சி, பீரங்கி, உணவு என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. ஆனால் நிலம் செய்த வேலையை இந்தச் சிறிய ஷீட்டே காட்டிவிடுகிறது.

வாங்காமலும் வாங்கியும் ஆடக் கூடியவை

தயாராகக் கிடைக்கும் கேம்களில் சிலவற்றைச் சொல்கிறேன். பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்பது 2003-ல் டேவிட் வைட் என்பவர் தொடங்கியது. முழுவதும் இலவசம். அறுகோணக் கட்டம், முறை வைத்து ஆடுவது. கதை கற்பனை உலகம் என்றாலும், நிலம், பகடை, விகிதம் எல்லாம் மேலே சொன்ன தத்துவம்தான். நீங்களே வரைபடம் வரைய எடிட்டரும் உள்ளேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையை அறுகோணத்தில் வரைந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல இடம். 0 ஏ.டி. என்ற இலவச கேமில் மௌரியர்களும் அவர்களின் யானைப் படையும் வருகிறார்கள். ஃப்ரீசிவ், நாகரிகம் ஒன்றை வளர்த்தெடுக்கும் இலவச கேம். இவற்றை அந்தந்த கேமின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடுங்கள். கிராக் செய்த பைல் என்று பென் டிரைவில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் கேமுடன் வைரஸும் வரலாம்.

காசு கொடுத்து வாங்குவதில், ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2-க்கு 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் திராவிடர் என்ற நாகரிகமும், ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் உண்டு. 2025-ல் வந்த சிவிலைசேஷன் 7-லும் சோழர்கள் இருக்கிறார்கள். இவற்றில் விலை கண்ணுக்கு நேரே எழுதியிருக்கும். இவ்வளவு கொடுத்தால் இவை கிடைக்கும் என்று தெரிந்து வாங்கலாம். இந்த வார்த்தையை மனதில் வைத்துக் கொண்டு அடுத்த வகைக்கு வாருங்கள்.

அட்டை சேர்க்கும் ஆட்டம்

சீட்டில் தெய்வங்களையும் வீரர்களையும் வரைந்து ஆடுவது நமக்குப் புதிதல்ல. பாபர் 1527-ல் சிந்துவில் இருந்த ஷா ஹசன் என்ற நண்பருக்கு கஞ்சிஃபா சீட்டுகள் அனுப்பியதாகத் தன் நூலில் எழுதியிருக்கிறார். வட்ட வடிவில், கையால் வரையும் இந்தச் சீட்டுகள் மகாராஷ்டிராவின் சாவந்த்வாடியிலும் ஒடிசாவிலும் இன்றும் தயாராகின்றன. தசாவதார கஞ்சிஃபாவில் ஓர் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டுகள். வாங்கினால் 120-ம் கைக்கு வந்துவிடும். எதிராளியிடமும் அதே சீட்டுகள்தான்.

1993-ல் இந்த நியதி மாறியது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் வடிவமைத்த மேஜிக்: த கேதரிங் என்ற விளையாட்டை, அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. இதில் நூற்றுக்கணக்கான அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மந்திரம் அல்லது மிருகம், அதற்கென்று ஒரு விதி. முழு செட் என்று கடையில் கிடையாது. பூஸ்டர் என்ற மூடிய பாக்கெட் வாங்க வேண்டும். தொடக்க ஆண்டுகளின் வழக்கமான பூஸ்டரில் 15 அட்டைகள்: 11 சாதாரணம், 3 சற்று அரியது, 1 அரியது. உள்ளே எது இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். கிடைத்தவற்றிலிருந்து 60 அட்டைகளைத் தேர்ந்து நீங்களே உங்கள் கட்டை அமைக்க வேண்டும். ஒரே அட்டையை அதிகபட்சம் 4 வைக்கலாம். போகிமான் சீட்டு 1996-லும், யூகியோ சீட்டு 1999-லும் ஜப்பானில் இதே வழியில் வந்தன.

பபிள் கம் பாக்கெட்டில் கிரிக்கெட் வீரர் படம் சேர்த்தவர்களுக்கும், பள்ளியில் ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கும் இது உடனே புரியும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் மேஜிக்.

கட்டை அமைப்பதில் நல்ல கணக்கு இருக்கிறது. 60 அட்டையில் ஒன்றே ஒன்று உங்களுக்கு முக்கியம் என்றால், தொடக்கத்தில் எடுக்கும் 7 அட்டைகளில் அது வர வாய்ப்பு 12 சதவீதத்துக்கும் குறைவு. அதையே 4 பிரதி வைத்தால், ஒன்றாவது வர வாய்ப்பு சுமார் 40 சதவீதம். போர் விளையாட்டில் பகடை செய்யும் வேலையை இங்கே கலைத்த கட்டு செய்கிறது. ஆட்டத்துக்கு முன்பே அந்த வாய்ப்பை நீங்கள் வளைத்துக் கொள்ளலாம் என்பதுதான் இதன் சுவை. ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 3-ல் தலைநகரிலிருந்து உதவி வரவழைக்க ஓர் அட்டைக் கட்டை முன்கூட்டியே அமைப்பதும் இந்த யோசனைதான். ஆனால் அந்த அட்டைகளுக்கு மூடிய பாக்கெட் வாங்கத் தேவையில்லை.

கடைசி ஒரு அட்டையின் விலை

இப்போது கவனமாகப் படியுங்கள். ஒரு கேமில் 100 வகை அட்டைகள், எல்லாமே சம அளவில் கிடைக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். முழு செட் சேர எத்தனை அட்டை வாங்க வேண்டும்? பலர் 150 என்பார்கள், சிலர் 200 என்பார்கள். கணக்குப்படி சராசரி 519.

காரணம் எளிது. முதல் 50 வகைகள் சராசரியாக 69 அட்டைகளுக்குள் சேர்ந்துவிடும். அப்போது நல்ல வேகம், பிள்ளைக்கு உற்சாகம். போகப் போக ஏற்கெனவே இருப்பதே திரும்ப வரும். 99 சேர்ந்த பிறகு, மீதமுள்ள அந்த ஒரே ஒரு வகைக்கு மட்டும் சராசரியாக இன்னும் 100 அட்டைகள் வாங்க வேண்டும். 5 அட்டைகள் கொண்ட பாக்கெட் 40 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 20 பாக்கெட், 800 ரூபாய், ஓர் அட்டைக்கு. இதுவும் எல்லாம் சம அளவில் கிடைத்தால்தான். நிஜத்தில் அரிய அட்டைகள் குறைவாகவே போடப்படுகின்றன. ஆகவே செலவு இன்னும் ஏறும்.

அச்சிட்ட அட்டையாவது கையில் இருக்கும். நண்பனிடம் மாற்றிக் கொள்ளலாம். 2014-ல் வந்த ஹார்த்ஸ்டோன், பிறகு வந்த மேஜிக் அரீனா போன்றவற்றில் அட்டை என்பது நிறுவனத்தின் சர்வரில் ஓர் எண், அவ்வளவுதான். மற்ற ஆட்டக்காரரிடம் மாற்றிக் கொள்ளவும் முடியாது. ஹார்த்ஸ்டோனில் வேண்டாத லெஜண்டரி அட்டையை உடைத்தால் 400 துகள் கிடைக்கும். அதே தரத்தில் வேண்டியதைச் செய்ய 1,600 துகள் வேண்டும். நான்கைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம்.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது தெளிவாகப் புரியும். களிமண் கரைசலை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். ஓர் அச்சில் எடுக்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் மண், சூளை, கூலி எல்லாம் செலவு. அச்சு தேய்ந்தால் புது அச்சு வேண்டும். கம்ப்யூட்டர் அட்டைக்கு மண்ணும் இல்லை, சூளையும் இல்லை. லட்சம் பிரதி எடுக்கவும் ஒரு பிரதி எடுக்கவும் செலவில் வித்தியாசமே கிடையாது. அது அரியது என்றால், அரியதாக இருக்கட்டும் என்று யாரோ புரோகிராமில் ஓர் எண்ணை எழுதியிருக்கிறார்கள். சாப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

சர்வரை மூடினால் அட்டைகளும் போய்விடும். டூயலிஸ்ட் என்ற சீட்டு கேம் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டது. 2023-ல் அதன் புரோகிராம் முழுவதையும் பொதுவில் வெளியிட்டது நல்ல விதிவிலக்கு. வால்வ் நிறுவனத்தின் ஆர்ட்டிஃபாக்ட் 2018-ல் காசுக்கு விற்கப்பட்டு, 2021-ல் வளர்ச்சி நிறுத்தப்பட்டு இலவசமாக்கப்பட்டது.

உலகம் இதைக் கவனிக்காமல் இல்லை. மூடிய பெட்டிகளில் எது கிடைக்க என்ன வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்று 2017-ல் சீனா விதித்தது. 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், சில கேம்களில் காசுக்கு விற்ற இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. நம் மாநிலத்தில் ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிர்கள் போன பிறகு, 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பூஸ்டர் பாக்கெட்டில் பணம் வெல்வது என்பது இல்லை, ஆகவே ரம்மியும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் அடுத்த பாக்கெட்டில் வந்துவிடும் என்று நினைக்கும் மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை

பிள்ளைகளுக்குச் சீட்டு கேமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாக்கெட் இல்லாமலும் கட்டு அமைக்கும் சுகம் கிடைக்கும். 2019-ல் முழு வடிவில் வந்த ஸ்லே த ஸ்பயர் கேமை ஒரு முறை வாங்கினால் போதும். அட்டைகள் ஆட்டத்தின் போக்கிலேயே கிடைக்கும். 2008-ல் வந்த டொமினியன் என்ற சீட்டு விளையாட்டில், ஒரே பெட்டியில் எல்லா அட்டைகளும் இருக்கும். இன்னும் எளிய வழி, வெள்ளை அட்டையை வெட்டி, பிள்ளைகளையே படம் வரையச் சொல்லி, ஐயனாரும் வேதாளமும் மோதும் 60 சீட்டைத் தயாரிப்பது.

கம்ப்யூட்டரில் இவற்றைச் செய்து வையுங்கள்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஃபேமிலி என்று போய் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் அமைத்திடுங்கள். மைக்ரோசாப்ட் ஃபேமிலி பக்கத்தில் செலவு என்ற பிரிவில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி மாற்றலாம். இது மைக்ரோசாப்ட் ஸ்டோரில் வாங்குபவற்றுக்கு மட்டும். மற்ற கேம் தளங்களில் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டைத் தனியாக அமைக்க வேண்டும்.

எந்த கேம் தளத்திலும் உங்கள் ஏடிஎம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். யுபிஐ பின் எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

இலவசம் என்று எழுதியிருந்தால், உள்ளே கடை என்று ஒரு பட்டன் இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு அட்டையும் கிடைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். எழுதாத கேமில் பணம் கட்ட வேண்டாம்.

பணம் கட்டுவது என்று முடிவு செய்தால், மாதத்துக்கு இவ்வளவு என்று தொகையைப் பிள்ளையுடன் பேசி முடிவு செய்து எழுதி வையுங்கள். 519 கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். அதே ரேண்ட்பிட்வீன் பங்ஷனில் 1 முதல் 100 வரை என்று கொடுத்து, எஃப்9 தட்டித் தட்டி, வந்த எண்களைப் பேப்பரில் டிக் செய்யச் சொல்லுங்கள். 100 எண்களும் டிக் ஆக எத்தனை தட்டு தேவைப்படுகிறது என்று பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டும். சேர்ந்தாற்போல் ஐம்பது தட்டு தட்டியும் புது எண் வராமல் சலித்துப்போகும் ஓர் இடம் பெரும்பாலும் வரும். அந்த இடத்தில், ஒவ்வொரு தட்டும் நிஜக் கேமில் எத்தனை ரூபாய் என்று கேளுங்கள்.